மாசிலாமணியின் பசி நாடகம்

கோத்தகிரிக்கு மேலே ஒரு பங்களாத் தோட்டம். அந்தத் தோட்டத்துக் குளத்தில் மாசிலாமணி என்றொரு கெண்டை மீன் தலைவராக இருந்தார்.

ஒரு மீனுக்குப் போய் ‘இருந்தார்’ என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்காதீர்கள். ‘இருந்தது’ என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் வாலால் சேற்றைக் கிளப்பி, குளத்தையே காப்பித் தண்ணியாக்கிவிடுவார். நமக்கு எதற்கு வம்பு?

குளம் ஒன்றும் கடல் அல்ல. சுற்றிலும் கருங்கல் கட்டு, நடுவில் ஒரு அல்லி, ஓரத்தில் ஒரு பிளம்ஸ் மரம். ஆனால் மாசிலாமணி அதை ‘நம் நாடு’ என்றுதான் சொல்வார். கருங்கல்தான் நாட்டின் எல்லை. அதற்கு அப்பால் இருப்பது வெறும் காற்று. காற்றில் வாழ்பவர்கள் நாகரிகம் தெரியாதவர்கள் என்பது அவருடைய கருத்து.

அவர் எப்படித் தலைவர் ஆனார் என்று கேட்டால், அதில் பெரிய ரகசியம் ஏதும் இல்லை. தோட்டக்காரர் போஜன் தினமும் காலையில் தீவன டப்பாவோடு வருவார். அவர் நிழல் தண்ணீரில் விழுந்ததும் மாசிலாமணி முதல் ஆளாக மேலே போய் வாயைத் திறப்பார். தீவனம் விழும். மாசிலாமணி வாயைத் திறந்ததால்தான் தீவனம் விழுகிறது என்று மற்ற மீன்கள் நினைத்துக்கொண்டன. அவர் ஒருநாளும் இல்லை என்று மறுக்கவில்லை. தலைவர் ஆவதற்கு அது போதும்.

அவருக்கு வரதப்பன் என்று ஒரு உதவியாளர். மெலிந்த, சிவப்பு மீன். வரதப்பனுக்குத் தெரிந்த ஒரே சொல் ‘ஆமாங்க’. தண்ணீர் மேலே இருக்கிறது என்று தலைவர் சொன்னாலும் ஆமாங்க. கீழே இருக்கிறது என்றாலும் ஆமாங்க.

அந்தக் குளத்தில் தலைவரை மதிக்காத ஒரே ஆள் செங்கமலம் என்கிற நண்டுதான். கருங்கல் கட்டில் ஒரு சந்துதான் அவள் வீடு. பிளம்ஸ் மரத்திலிருந்து தண்ணீரில் விழும் இலைகளைக் காலையில் ஒவ்வொன்றாகக் கொடுக்கில் பிடித்து இழுத்து, கரையில் கொண்டுபோய்க் கொட்டுவாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. பொதுச்சேவை என்று அவளும் பீற்றிக்கொள்ளவில்லை. “என் வாசல்ல குப்ப கெடந்தா எனக்குப் பிடிக்காது” என்பதோடு சரி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் மார்கழி வந்தது.

மலையில் மார்கழி என்றால் விளையாட்டில்லை. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பூத்துக் கிடக்கும். தண்ணீர் சில்லிட்டுப்போகும். அப்போது மீன்களின் வயிறு வேலைநிறுத்தம் செய்துவிடும். தின்றால் செரிக்காது. அதனால் பசிக்கவும் பசிக்காது. குளத்தின் ஆழத்தில் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தை பிறந்து வெயில் ஏறும்வரை அரைத் தூக்கத்தில் கிடக்கும்.

போஜனுக்கு இது தெரியும். குளிர் ஏற ஏறத் தீவனத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். பிறகு ஒருநாள் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

எந்த மீனும் அதைக் கண்டுகொள்ளவில்லை. வயிறு கேட்டால்தானே! மாசிலாமணிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அவருக்கும் பசி இல்லைதான். ஆனால் ஒரு பொடி மீன் தூக்கக் கலக்கத்தில் புரண்டு படுத்தபடி, “சாப்பாடே வரலைன்னா, அப்புறம் தலைவர் எதுக்கு?” என்று கேட்டுவிட்டது. கேட்டுவிட்டு அது நிம்மதியாகத் தூங்கிப்போனது. கேள்வி மாசிலாமணியின் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. மீனுக்கே முள் குத்தினால் எப்படி இருக்கும்?

தீவனம் நின்றால் பதவி போகும். பதவி போனால் தாமும் இந்தக் கூட்டத்தில் ஒரு மீன்தான். நினைக்க நினைக்க அவருக்குச் செதில் கூசியது.

அந்த வாரம்தான் போஜன் ஊருக்குப் புறப்பட்டார். படகர் கிராமமான அவருடைய ஹட்டியில் ஹெத்தையம்மன் பண்டிகை. போவதற்கு முன் நீளக் குச்சியில் கட்டிய வலையால் குளத்திலிருந்த இலைகளை எல்லாம் அரித்து எடுத்தார். பங்களாவில் கோயம்புத்தூரிலிருந்து வந்து தங்கியிருந்த குடும்பத்திடம், குளிர் விடும்வரை மீன்களுக்கு எதுவும் போட வேண்டாம் என்று சொன்னார். அவர்களும் நன்றாகத் தலையை ஆட்டினார்கள். விருந்தாளிகள் எல்லாவற்றுக்கும் நன்றாகத் தலையை ஆட்டுவார்கள்.

மாசிலாமணிக்கு வழி திறந்தது. அடியில் தூங்கிக்கொண்டிருந்த மீன்களை எல்லாம் தட்டி எழுப்பிக் கூட்டம் போட்டார். நாட்டுக்குப் பெரிய அநியாயம் நடந்துவிட்டது என்றார். போஜன் நம்மைப் பட்டினி போட்டுவிட்டுப் பண்டிகை கொண்டாடப் போய்விட்டான் என்றார். எங்களுக்குப் பசிக்கவே இல்லையே என்று யாரோ முனகியபோது, பசி வேறு, உரிமை வேறு என்று அடித்துச் சொன்னார். அது யாருக்கும் புரியவில்லை. புரியாததால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அன்றே ஒத்திகை ஆரம்பமானது. மனித நிழல் விழுந்ததும் எல்லோரும் மேலே போக வேண்டும். வாயைத் திறந்து திறந்து மூட வேண்டும். ஒருக்களித்துச் சாய வேண்டும். பார்க்கிறவர்கள் மனம் உருகிப்போக வேண்டும். கண்ணைப் பற்றிக் கவலை இல்லை. மீனுக்கு இமை கிடையாது. எந்த நேரமும் பாவமாகத்தான் தெரியும். தலைவரின் தொந்திதான் பெரிய சிக்கல். அந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு பட்டினி என்றால் கல்லும் நம்பாது. கடைசியில் ஒல்லியான மீன்கள் எல்லாம் முன்வரிசையில் நின்று தலைவரின் வயிற்றை மறைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

நாடகம் முதல் நாளே பிய்த்துக்கொண்டு ஓடியது.

கோயம்புத்தூர் அம்மாள் காலை வெயிலில் காய வந்தவர், குளத்தை எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். “ஐயோ பாவங்க இதுக. எத்தன பசின்னு பாருங்க” என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். போஜன் சொன்னது யாருக்கு நினைவிருக்கிறது? ரொட்டி வந்தது. பன் வந்தது. கடைவீதியில் வாங்கிய மொறுமொறு வர்க்கி பிஸ்கட் பாக்கெட் பாக்கெட்டாக வந்து விழுந்தது. மத்தியானம் தயிர்சாதமும் வந்தது.

மீன்கள் ஆளுக்கு ஒரு வாய் கவ்விப் பார்த்தன. வயிறு வேண்டாம் என்றது. துப்பிவிட்டன. துப்பியது எல்லாம் மெல்ல மெல்லக் கீழே போய்த் தரையில் படிந்தது.

“இத்தனையும் வீணாப் போகுதே” என்றது பொடி மீன்.

“வீணா?” மாசிலாமணி மார்பை நிமிர்த்தினார். “இது சேமிப்பு. இனிமே நம்ம நாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. எந்தக் குளத்துல இப்படி ஒரு களஞ்சியம் இருக்கு, சொல்லு.”

“ஆமாங்க” என்றான் வரதப்பன்.

மீன்களுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. தாங்கள் படுக்கிற இடத்தில் வர்க்கி மலை ஒன்று வளர்வதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது?

இந்த நாடகத்துக்கு ஒரு ரசிகரும் கிடைத்தார். மடையான் சாந்தமூர்த்தி. மண் நிறக் கொக்கு. கருங்கல் கட்டின் மேல் ஒற்றைக் காலில் நின்று, தினமும் முழு நாடகத்தையும் அசையாமல் பார்ப்பார். முடிந்ததும் கழுத்தை நீட்டிப் பாராட்டுவார். தாம் எத்தனையோ குளங்களில் எத்தனையோ மீன்களைப் பார்த்திருப்பதாகவும், இப்படி உயிரைக் கொடுத்து நடிப்பவர்களைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். ஒரே ஒரு குறைதான் என்றார். நடுக்குளத்தில் நடித்தால் பின்வரிசையில் நிற்பவருக்குத் தெரியவில்லையாம். இன்னும் கொஞ்சம் கரைப் பக்கம் தள்ளி வந்து நடித்தால் நன்றாக இருக்குமாம்.

பாராட்டு என்றால் மாசிலாமணி நெய்யாக உருகிவிடுவார். மறுநாளே மேடையைக் கரையோரத்துக்கு மாற்றினார்.

செங்கமலத்தால் இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அன்றைய குப்பையோடு ஊறிப்போன வர்க்கித் துண்டு ஒன்றையும் கொடுக்கில் பிடித்து இழுத்துக்கொண்டு, நேராகத் தலைவர் முன்னால் வந்தாள். நேராக என்றால், நண்டால் முடிந்த அளவுக்கு நேராக.

“யோவ், இதுல பூசணம் பூத்துருச்சு. திங்கவும் மாட்டேங்கறீங்க, தூக்கி எறியவும் மாட்டேங்கறீங்க. இத்தனையும் அழுகுனா நீங்க எங்க போய் மூச்சு விடுவீங்க?”

“அது களஞ்சியம். அதுல கை வைக்க உனக்கு யார் உரிமை குடுத்தது?”

“களஞ்சியமா? இதுக்குப் பேரு குப்பத்தொட்டி.”

மாசிலாமணிக்குச் செவுள் துடித்தது. பக்கவாட்டில் நடக்கிறவளுக்குப் புத்தியும் பக்கவாட்டில்தான் போகும் என்று திட்டினார். இத்தனை நாளும் அவள் கரையில் கொட்டிய இலைகள்கூட நாட்டுச் சொத்துதான் என்று திடீரென்று கண்டுபிடித்தார். இலை தண்ணீரை மூடினால் குளிருக்குப் போர்வை ஆகுமாம். அந்தப் போர்வையைத் தினமும் திருடியவளாம் இவள். அன்று மாலைக்குள் அவள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

செங்கமலம் அழவில்லை, மன்றாடவும் இல்லை. வர்க்கித் துண்டை அவர் மூக்கின் மேல் போட்டுவிட்டு, கருங்கல் மேல் ஏறி, தண்ணீர் வழிந்து போகும் ஓடையில் ஒரு கல்லுக்கு அடியில் போய்க் குடியேறினாள். நண்டுக்குத் தண்ணீரும் ஒன்றுதான், கரையும் ஒன்றுதான். மீனுக்குத்தான் போக்கிடம் இல்லை. அதைத் தலைவர் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு இலைகள் இஷ்டத்துக்கு விழுந்தன. போஜனும் இல்லை, செங்கமலமும் இல்லை. அல்லி இலைகளும் பனியில் கருகி, தண்டோடு சாய்ந்து தண்ணீரில் ஊறின. மாசிலாமணி அண்ணாந்து பார்த்து, கூரை நன்றாக அமைகிறது என்று மகிழ்ந்தார். கீழே களஞ்சியமும் வளர்ந்தது. முதலில் அதன் மேல் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்தது. பிறகு கறுத்தது. பிறகு அடியிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பத் தொடங்கியது.

பொடி மீனுக்குப் பயமாகிவிட்டது. அது என்ன என்று கேட்டது.

“தை வரப்போகுதுல்ல. அதான் பொங்குது” என்றார் மாசிலாமணி.

“ஆமாங்க” என்றான் வரதப்பன். ஆனால் சொன்ன கையோடு இருமினான்.

உண்மையில் மாசிலாமணிக்கும் தலை வலித்தது. அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம் எங்கும் பரவியிருந்தது. எவ்வளவு தண்ணீரை உறிஞ்சிச் செவுள் வழியாக விட்டாலும் நெஞ்சு நிறையவில்லை. இது தலைவர் பதவியின் சுமை என்று அவர் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

ஒரு காலை விடிந்தபோது குளத்தின் மேல் கண்ணாடி போட்டதுபோல் மெல்லிய பனிக்கட்டி மூடியிருந்தது. கட்டிக்கு அடியில் இலைக் கூரை, அதற்கு அடியில் நாற்றம், நாற்றத்துக்கு நடுவில் நாடு. மாசிலாமணி மேலே வந்து மூக்கால் முட்டிப் பார்த்தார். திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு உயிர்ப்பயம் வந்தது.

வெயில் ஏறி, பத்து மணி வாக்கில் கட்டி உருகி ஓரமாக விட்டுக்கொடுத்தது. அவ்வளவுதான். மொத்தக் குளமும் மேலே பாய்ந்தது. ஒத்திகை இல்லை, வரிசை இல்லை. எல்லா மீன்களும் வாயைத் திறந்து திறந்து மூடின. சில ஒருக்களித்துச் சாய்ந்தன. தலைவரின் தொந்தியை யாரும் மறைக்கவில்லை. தலைவருக்கும் அது நினைவில்லை.

கோயம்புத்தூர் அம்மாள் ஓடி வந்தார். “அச்சச்சோ, இன்னைக்கு ரொம்பப் பசிங்க போல இருக்கு!”

வர்க்கி மழை பொழிந்தது.

“பசி இல்லம்மா! மூச்சு! மூச்சு முட்டுது!” என்று மாசிலாமணி கத்தினார். ஆனால் மீன் கத்தினால் வெளியே என்ன தெரியும்? வாய் திறக்கும், மூடும். பசிக்கும் அதே வாய். மூச்சுக்கும் அதே வாய். அம்மாள் நெகிழ்ந்துபோய் இன்னொரு பாக்கெட்டைப் பிரித்தார்.

விருந்தாளிகள் எல்லோரும் பங்களாவுக்குள் போன பிறகு, சாந்தமூர்த்தி ஒற்றைக் காலிலிருந்து இரண்டு காலுக்கு மாறினார். இன்றைய நடிப்பு இதுவரை இல்லாத நடிப்பு என்று மனதாரப் பாராட்டினார். பிறகு ஓரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வரதப்பனிடம் குனிந்து, கொஞ்சம் இப்படி வருகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

“ஆமாங்க” என்றான் வரதப்பன்.

அதுதான் அவன் கடைசியாகச் சொன்ன சொல். தண்ணீரில் ஒரு வளையம் விரிந்து அடங்கியது. ரசிகர் கழுத்தை மேலே தூக்கி விழுங்கிவிட்டு, மறுபடி ஒற்றைக் காலில் நின்றுகொண்டார்.

மீன்கள் பதறிக் கீழே பாய்ந்தன. கீழே மூச்சு இல்லை. மேலே வந்தன. மேலே அலகு காத்திருந்தது. நடுவில் கிடந்து தத்தளித்தன. மாசிலாமணி வரதப்பனை நினைத்துக்கொண்டார். தாம் சொன்ன எதற்காவது அவன் ஒரே ஒருமுறை ‘இல்லைங்க’ என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. சொல்லியிருந்தால் அவனை அன்றே வேலையை விட்டு எடுத்திருப்போம் என்பதும் சேர்ந்து தோன்றியது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் போஜன் வந்துவிட்டார். பண்டிகைக்குக் கட்டிய வெள்ளைத் துணியோடு, தோளில் பையோடு, தோட்டத்துப் பாதையில் அவர் நடந்து வருவது தெரிந்ததும் மாசிலாமணிக்கு அழுகையே வந்தது. ஒருநாளும் இவரை இனித் திட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தார். இருக்கிற பலத்தை எல்லாம் திரட்டி எல்லோரும் மேலே போய் வாயைத் திறந்தார்கள்.

போஜன் பாதையிலிருந்தே பார்த்தார். சிரித்தார். திருட்டுப் பசங்கள், வருஷம் முழுக்க இதே நடிப்புத்தான், நம்பிவிடாதீர்கள் என்று கோயம்புத்தூர்க்காரர்களிடம் சொன்னார். பாத்திகளுக்குப் பனி விழாமல் சாக்கு போர்த்த வேண்டிய வேலை கிடந்தது. குளத்துப் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

மாசிலாமணிக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. அந்த மனிதர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் அவரை அதிகமாக வாட்டியது.

வெயில் சாயும் நேரத்தில் கருங்கல் மேல் கறுக் கறுக் என்று சத்தம் கேட்டது. செங்கமலம் நின்றுகொண்டிருந்தாள். கொடுக்கால் மூக்கைப் பொத்திக்கொள்வதுபோல் பாவனை.

“ஒங்க களஞ்சியம் ஓடை வரைக்கும் நாறுது. குடித்தனம் பண்ண முடியல” என்றாள்.

மாசிலாமணிக்குப் பதிலுக்குத் திட்டத் தெம்பில்லை. “நாங்க சாகப்போறோம், செங்கமலம். போஜன் பாத்தும் பாக்காமப் போயிட்டாரு.”

“பின்ன? நல்லா இருக்கும்போதும் வாயப் பொளந்தீங்க. சாகும்போதும் அதே வாயப் பொளக்கறீங்க. அந்த மனுசன் எதக் கண்டாரு?”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஓர் இலையை இழுக்கத் தொடங்கினாள். இவ்வளவு பெரிய குப்பைக்கு அவள் ஒருத்தி எம்மாத்திரம்? அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் இழுத்தாள்.

மாசிலாமணி அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் பசி என்று நினைக்கிறார்கள். மேலே வந்தால் நடிப்பு என்று நினைக்கிறார்கள். அப்படியானால் மேலே வராவிட்டால்? வாயைத் திறக்காவிட்டால்? இத்தனை வருஷத்தில் போஜன் வந்து நின்று தாம் போகாத நாள் ஒன்றுகூட இல்லையே! அந்த மனிதர் அதைக் கண்டால் என்ன நினைப்பார்?

பதவிக்காக இல்லாமல் அவர் வாழ்க்கையில் யோசித்த முதல் யோசனை அது. மீன்களை எல்லாம் கூப்பிட்டார். நாளைக் காலை போஜன் வரும்போது யாரும் மேலே போகக் கூடாது என்றார். கல்லுக்கு அடியில் ஒளிந்து, வாயை மூடி, அசையாமல் இருக்க வேண்டும். கீழே மூச்சு கிடைக்காது. இருந்தாலும் தாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மீன் மேலே போனாலும் காரியம் கெட்டது.

“வர்க்கி போட்டாலுமா?” என்றது பொடி மீன்.

“வர்க்கி போட்டாலும்” என்றார் மாசிலாமணி. அந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

காலை வந்தது. நல்ல வேளையாக அன்று கட்டி மெல்லியதாகத்தான் மூடியிருந்தது. வெயில் பட்டதும் விரிசல் விட்டது. கோயம்புத்தூர் அம்மாள், யாருக்கும் தெரியாமல், முந்தானையில் மறைத்து வர்க்கி கொண்டுவந்திருந்தார். தூவினார். இலைகளின் மேல் வர்க்கி மிதந்தது. ஒரு மீனும் வரவில்லை.

கல்லுக்கு அடியில் மாசிலாமணி நெருக்கிக்கொண்டு கிடந்தார். செவுள் எரிந்தது. கண்ணுக்கு முன்னால் கறுப்புப் பூச்சிகள் பறந்தன. மேலே அம்மாளின் நிழல் விழுந்ததும், அவர் வாய் அவரைக் கேட்காமலே திறக்கப் பார்த்தது. இத்தனை வருஷப் பழக்கம். அவர் வாயைச் சேற்றில் புதைத்துக்கொண்டார். தாம் சேமித்த களஞ்சியத்தின் ருசி என்னவென்று அப்போதுதான் அவருக்கு முழுசாகத் தெரிந்தது.

கரையில் சாந்தமூர்த்தி பொறுமை இழந்தார். நாடகம் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். நடிகர்களே இல்லாத மேடையில் ரசிகருக்கு என்ன வேலை? சலித்துக்கொண்டு பறந்துபோனார்.

அம்மாள் பயந்துபோய்ப் போஜனைக் கூப்பிட்டார். போஜன் வந்தார். நின்றார். அவர் நிழல் தண்ணீரில் நீளமாக விழுந்தது. குளம் அசையவில்லை.

அவர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. குனிந்தார். கூப்பிட்டுப் பார்த்தார். இலைகளைக் கையால் விலக்கினார். விலக்கிய இடத்திலிருந்து கிளம்பிய நாற்றத்தில் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, தம் பாஷையில் ஒன்று சொன்னார். அது என்ன என்று இங்கே எழுத முடியாது.

பிறகு வேலை நடந்தது. முதலில் இலைக் கூரை முழுவதும் வலையில் வந்தது. கருகிப்போன அல்லித் தண்டுகளை வெட்டி எடுத்தார். அடியில் கிடந்த கறுப்புக் கூழை, தண்ணீர் கலங்காதபடி மெதுவாக, வாளி வாளியாக அள்ளிப் பிளம்ஸ் மரத்துக்கு அடியில் கொட்டினார். மொத்தத் தண்ணீரையும் மாற்றவில்லை. பழைய தண்ணீரில் கொஞ்சம் இறைத்துவிட்டு, வெயிலில் நின்ற பீப்பாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். இடையில் கல்லுக்கு அடியில் கையை விட்டவர், மாசிலாமணியின் தொந்தியைத் தொட்டார். அது துடித்தது. போஜன் பெருமூச்சு விட்டார். மாசிலாமணியும் விட்டார்.

கடைசியாகப் போஜன், விருந்தாளிகள் கொண்டுவந்திருந்த ஒரு சிவப்பு ரப்பர் பந்தைக் கேட்டு வாங்கித் தண்ணீரில் மிதக்கவிட்டார். பனிக்கட்டி மூடினாலும் பந்து ஆடி ஆடி ஒரு வட்டத்தைத் திறந்தே வைத்திருக்கும், கெட்ட காற்று அது வழியாக வெளியேறிவிடும் என்று அம்மாளிடம் சொன்னார். வர்க்கியைப் பற்றியும் சொன்னார். அம்மாள் இந்த முறை தலையை ஆட்டவில்லை. முந்தானையில் மிச்சமிருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மீன்கள் சுத்தமான தண்ணீரில், பழையபடி ஆழத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படுத்தன. பொடி மீன் மேலே மிதந்த பந்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

“அவரும் குண்டா இருக்காரு. எப்பவும் மேலதான் இருக்காரு. ஆனா எதுவும் சாப்பிடறதில்ல, எதுவும் பேசறதில்ல, நமக்கு மூச்சு மட்டும் குடுக்கறாரு. இவரையே தலைவரா வச்சுக்கலாமே?”

எல்லா மீன்களும் சரி என்றன. வாயே இல்லாத தலைவர் கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அவற்றுக்கு இப்போது தெரிந்திருந்தது.

மாசிலாமணி கோபித்துக்கொண்டு சேற்றைக் கிளப்புவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கிளப்பவில்லை. வரதப்பன் எப்போதும் படுக்கும் இடம் காலியாக இருந்தது. அதை ஒரு முறை பார்த்துவிட்டு, எழுந்து கரைப் பக்கம் போனார். அங்கே செங்கமலம் தன் பழைய சந்தில் குடியேறிவிட்டு, புதிதாக விழுந்த இலை ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மாசிலாமணி இலையின் மறுமுனையை மூக்கால் முட்டித் தள்ளினார்.

“யோவ், நேராத் தள்ளாதய்யா. பக்கவாட்டுல தள்ளு” என்றாள் செங்கமலம்.

அவர் பக்கவாட்டில் தள்ளினார்.

பசிக்காதபோதும் வாயைத் திறந்து பழகியவன், மூச்சு முட்டி வாயைத் திறக்கும்போதும் உலகம் அவனுக்குச் சோற்றைத்தான் போடும்.